அம்மா பாஸ் செய்த தகடு

எங்கள் வீட்டில் டிவிக்கு மேலே, சாமி படத்துக்குக் கீழே, ஓர் இரும்புத் தகடு இரண்டு துண்டாகக் கிடக்கிறது. சேர்த்து வைத்தால் உள்ளங்கை அளவு இருக்கும். ஒரு முனையில் சிவப்பு நகப்பூச்சு ஒரு சொட்டு காய்ந்து ஒட்டியிருக்கும். வருகிறவர்கள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு இது எதன் பாகம் என்று கேட்பார்கள். என் படிப்பின் பாகம் என்று நான் சொல்வேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா பக்கம், அம்மா பக்கம், எவ்வளவு தூரம் பின்னால் போய்த் தேடினாலும் வேறு ஆள் கிடையாது. இதையெல்லாம் அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்று சிலர் எனக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார்கள். முயன்று பார்த்தேன், வரவில்லை.

அப்போது நாங்கள் மராத்தி பேசும் ஒரு பெரிய ஊரில், கோந்த்வா என்ற பகுதியில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். ஓர் அறை, ஒரு சமையலறை, பால்கனி என்று வீட்டுக்காரர் பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு நீட்டல். அப்பா ராணுவ வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் ஒர்க்‌ஷாப் ஒன்றில் மில்லிங் மெஷின் ஓட்டினார். விழுப்புரம் பக்கத்திலிருந்து மீசை முளைக்கும் முன்னால் எடுபிடியாக வந்து சேர்ந்தவர். எந்த மொழியிலும் அவருக்கு எழுத்து தெரியாது. எண்கள் தெரியும், டிராயிங் தெரியும். பேருந்தின் நம்பரைப் படிப்பார், அது எங்கே போகிறது என்பதைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பார். ஆனால் ஒரு டிராயிங்கை விரித்து வைத்தால், முடியிழையில் பாதி அளவுகூடத் தப்பாமல் இரும்பைச் செதுக்கி வைத்துவிடுவார்.

அவருடைய மோட்டார் சைக்கிள் என்னைவிட மூத்தது. அதன் முன் பிரேக் பழைய டிரம் பிரேக். பிடித்தால் கொஞ்சம் யோசிக்கும், அப்புறம்தான் நிற்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும். மழையில் பெரும்பாலும் வேண்டாம் என்றே முடிவு செய்யும்.

கோந்த்வாவிலிருந்து ராணுவக் கேம்ப் பக்கம் இறங்கும் சாலையில் ஒரு சரிவு உண்டு. சரிவின் அடியில் ஒரு மராத்திக்காரர் கொத்தமல்லி வண்டி போட்டிருந்தார். கோடையில் திடீரென்று அடித்த ஒரு மாலை மழையில், அப்பாவும் அம்மாவும் அந்தச் சரிவில் இறங்கினார்கள். அப்பா பிரேக்கைப் பிடித்தார். பிரேக் யோசித்தது. அப்பா வண்டியோடு நடைபாதைக் கல்லில் மோதி நின்றார். அம்மா நிற்கவில்லை, கொத்தமல்லிக்கு நடுவில் போய் உட்கார்ந்தாள். ஒரு கீறல்கூட இல்லை. அந்தக் கடைக்காரர் கோபித்துக்கொள்ளவும் இல்லை. வந்து உட்கார்ந்ததற்கு இரண்டு கட்டாவது வாங்கிக்கொண்டு போங்கள் என்று மட்டும் கேட்டாராம். அன்றைக்கு எங்கள் வீட்டில் கொத்தமல்லிச் சட்னி, கொத்தமல்லி சாதம், கொத்தமல்லி வடை.

இது நடந்தது மிகவும் தப்பான சமயத்தில். அதே மாதம்தான் எனக்குக் கோர்படியில், ராணுவக் குடியிருப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அதுவரை நான் படித்தது எங்கள் சந்தில் இருந்த மராத்திப் பள்ளி. அது நான்காம் வகுப்போடு முடிந்துவிடும். முடிந்ததும் பெண்கள் தம்பி தங்கைகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அதே பள்ளிக்கூடத்து வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். புதிய பள்ளிக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும், நான் தனியாகப் போகிற வயது இல்லை. பள்ளி வேன் எங்களுக்கு எட்டாது. அப்பா வேலைக்குப் போகிற வழியில் என்னை இறக்கிவிடுவதாகத்தான் ஏற்பாடு. அந்தப் பாதை அந்தச் சரிவு வழியாகத்தான் போகும்.

சேர்க்கையன்று நாங்கள் மூவரும் போயிருந்தோம். அப்பா தன் பெயரைப் படம் வரைவதுபோல வரைந்துகொடுத்தார். அதை அவர் ஒர்க்‌ஷாப்பில் சம்பளத்துக்காகப் பழகிவைத்திருந்தார். அம்மா கட்டைவிரலை நீட்டினாள். ஜன்னலுக்கு உள்ளே இருந்த ஆள் அவள் விரலைப் பிடித்து மையில் உருட்டி, ஒற்றி, ஒரு கந்தல் துணியை வெளியே தள்ளினார். வீட்டுக்கு வந்ததும் அம்மா பாத்திரம் தேய்க்கும் நாரையும் புளியையும் எடுத்து அந்த விரலைத் தேய்த்தாள். அம்மா எப்போதுமே சுத்தம் பார்க்கிறவள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கொத்தமல்லிக்குப் பிறகு அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"நில்லுன்னா நிக்கற வண்டியா வரட்டும். அப்புறம் எம் பொண்ணு அதுல ஏறுவா."

இந்த இடத்தில்தான் மாமா உள்ளே வந்தார். அம்மாவின் தம்பி. கோந்த்வா மெயின் ரோட்டில் ஒரு கராஜில் மெக்கானிக். உலகத்தில் எதையும் எதோடும் சேர்த்துப் பூட்டிவிடலாம் என்பது அவருடைய கொள்கை. 'ஏக்தம் ஃபிட்', கனகச்சிதம், என்று அவர் சொல்லாத வேலையே கிடையாது. அப்பாவுக்கு டிஸ்க் பிரேக் போட்டுவிடலாம் என்றார். மறுநாளே ஒரு உடைந்த வண்டியின் முன்சக்கரம், அதன் நடுவில் தட்டு மாதிரி மின்னும் டிஸ்க், வேறொரு வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க், மூன்றாவதாக ஒரு வண்டியின் காலிப்பர் என்று மூட்டையோடு மாடியேறி வந்தார். காலிப்பர் என்பது அந்த டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இடுக்கி. அது கவ்வினால்தான் வண்டி நிற்கும்.

எல்லாம் பொருந்தியது. காலிப்பரைத் தவிர. ஃபோர்க்கில் இருந்த ஓட்டைகள் ஓர் இடைவெளியில், காலிப்பரில் இருந்த ஓட்டைகள் வேறொரு இடைவெளியில். மாமா கவலைப்படவில்லை. ஓட்டையை அரத்தால் கொஞ்சம் நீட்டி, பெரிய வாஷர் வைத்து இறுக்கிவிடலாம் என்றார். அப்பா அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கோயிலில் செருப்போடு நுழைந்தவரைப் பார்ப்பதுபோல இருந்தது. சரி, வெல்டிங் வைத்து ஒட்டிவிடலாம் என்றார் மாமா. அப்பா எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

நடுவில் ஓர் அடாப்டர் வேண்டும் என்பது அப்பாவின் முடிவு. கெட்டி இரும்பில் ஒரு தகடு, அதில் நான்கு ஓட்டை. இரண்டு ஓட்டை ஃபோர்க்கோடு பூட்ட, இரண்டு ஓட்டை காலிப்பரைத் தாங்க. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அப்பா இருபது வருஷம் ராணுவத்துக்கான வேலை பார்த்தவர். அங்கே டிராயிங் இல்லாமல் இரும்பில் கை வைக்கக்கூடாது. வீட்டிலும் வைக்கமாட்டார். டிராயிங்கைப் படிக்கத்தான் அவருக்குத் தெரியும், போட்டதில்லை. அதனால் என் ஜியோமெட்ரி பாக்ஸ் வந்தது. ஜூனா பஜாரில் வாங்கிய பழைய வெர்னியர் அளவுகோலால் அவர் அளந்து அளந்து எண்ணைச் சொல்ல, நான் கட்டம் போட்ட தாளில் வரைந்தேன். கீழே பாகத்தின் பெயர் எழுதும் இடம் என்று ஒரு பெட்டி போடச் சொன்னார். அதில் மராத்தி எழுத்தில் அடாப்டர் என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூவும் வரைந்தேன். பூ எத்தனை மில்லிமீட்டர் என்று அப்பா கேட்டார். அது சும்மா பூ என்றேன். அழிக்கச் சொன்னார்.

ஒர்க்‌ஷாப்பில் அவர் ஓட்டிய மெஷினில் அந்தத் தகடு அரை மணி வேலை. ஆனால் அந்த கேட்டில் போகும்போதும் வரும்போதும் சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பார்கள். சொந்த வேலைக்கு ஒரு ஸ்குரூ வெளியே வராது, அப்பாவும் கொண்டுவருகிற ஆள் இல்லை. ஆக, அவ்வளவு பெரிய மெஷின்காரர் பால்கனிக் கம்பியில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு சின்ன வைஸைப் பூட்டி, ஆக்ஸா பிளேடாலும் அரத்தாலும் வேலையை ஆரம்பித்தார். வேலையிலிருந்து வந்து டீ குடித்ததும் இரும்பு அறுக்கும் சத்தம் தொடங்கிவிடும். நாங்கள் காகு என்று கூப்பிடும் கீழ்வீட்டு மராத்தி அம்மாள் மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் மேலே வந்து, உங்கள் வீட்டுக்காரர் ராணுவத்துக்கு வேலை பார்க்கிறார் என்று தெரியும், ஆனால் துப்பாக்கியை வீட்டிலேயே செய்யச் சொல்லிவிட்டார்களா என்று கேட்டார்.

ஓட்டைகளை மட்டும் மாமாவின் கராஜ் டிரில்லில் போட்டுக்கொண்டு வந்தார்கள். போய்வந்த அன்றைக்கு இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. மாமா ஒரு ஓட்டையைக் கண்ணால் பார்த்தே போட்டுவிடுகிறேன் என்று சொன்னாராம்.

தகடு முடிந்தது. நன்றாகத்தான் இருந்தது. மாமா ஸ்பேனரோடு எழுந்தார். அப்பா கையை நீட்டித் தடுத்தார்.

"மச்சான், இன்ஸ்பெக்‌ஷன் ஆகல."

மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. செய்தவனே தன் வேலையைப் பாஸ் செய்யக்கூடாது என்பது அவர்கள் ஒர்க்‌ஷாப் சட்டம். செய்கிறவன் கண்ணுக்குத் தன் தப்பு தெரியாது. மாமா பார்க்கலாமே என்றேன். மாமா பூட்டுகிறவர், அவருக்கு எப்போது பூட்டுவோம் என்றுதான் இருக்கும். அப்போ நான்? நீ அதில் போகிறவள், உனக்குப் பள்ளிக்கூடம் போகிற ஆசை, நீ எதையும் பாஸ் செய்வாய் என்றார். மிச்சம் இருந்தது ஒருத்திதான். சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, தகட்டை ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்துக் கொடுத்து, விதிகளைச் சொன்னார். சரியில்லை என்றால் சிவப்புப் பொட்டு. சரி என்றால் பச்சைப் பொட்டு, பக்கத்தில் இன்ஸ்பெக்டரின் கையெழுத்து. பச்சைக்கு மாமா கராஜிலிருந்து ஒரு சின்ன பாட்டிலில் பெயிண்ட் கொண்டுவந்திருந்தார். சிவப்புக்கு, யாருடைய கல்யாணத்துக்கோ வாங்கி மறந்துபோன அம்மாவின் நகப்பூச்சு இருந்தது.

அம்மா ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். "சிவப்புக்குக் கையெழுத்து வேணாமா?"

"வேணாம். வேணாங்கறத யார் வேணாலும் சொல்லலாம். பாஸ் பண்ணாத்தான் கையெழுத்து. நாளைக்கு வண்டி நிக்கலைன்னா யார் பேரு இருக்குன்னு பார்ப்பாங்க." சொல்லிவிட்டு அப்பாவுக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். இது வீடுதானே, வெறும் பொட்டு போதும் என்று குரலைத் தணித்துச் சேர்த்துக்கொண்டார். அம்மா நகப்பூச்சு பாட்டிலை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் தகட்டை எடுத்து, தன் புடவை முந்தானையை அதன் விளிம்பு முழுக்க ஓட்டிப் பார்த்தாள். ஒரு மூலையில் நூல் மாட்டியது. பின்னால் உட்கார்கிறவள் துணி இதில் மாட்டினால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே ஒரு சிவப்புச் சொட்டு வைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அப்பா தகட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். அறுக்கும் சத்தம் கேட்டது. மூலையைச் சரிசெய்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். திரும்பி வந்தபோது தகடு இரண்டு துண்டாக இருந்தது.

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். கொஞ்ச நேரம் துண்டுகளைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் அப்பாவைப் பார்த்தாள்.

"இன்னாங்க பண்ணீங்க?"

ரிஜெக்ட் ஆனதை அப்படியே வைத்திருக்கக்கூடாது என்று அப்பா நிதானமாக விளக்கினார். யாராவது தெரியாமல் நல்ல சரக்கோடு சேர்த்துவிட்டால் வண்டி ஏதோ ஒரு மலைமேல் நின்றுவிடும். அதனால் சிவப்பு விழுந்தால் அறுத்துப் போட்டுவிட வேண்டும், அறுக்க வேண்டியதும் செய்தவன்தான். குழம்பில் உப்பு கம்மி என்றால் சட்டியோடு கொட்டிவிடுவார்களா என்று அம்மா கேட்டாள். ஒரு மூலையை ராவச் சொல்வதற்கு அந்த ஒர்க்‌ஷாப்பில் வழியே இல்லையா?

இருக்கிறது, அதற்கு மஞ்சள் என்றார் அப்பா. மஞ்சள் பொட்டு வைத்தால் திருத்திக் கொண்டுவா என்று அர்த்தம்.

"அத ஏன் சொல்லல?"

"வீட்டுல மஞ்சள் பெயிண்ட் இல்ல."

அம்மா உள்ளே போய் அஞ்சறைப் பெட்டியை எடுத்துவந்து திறந்து, மஞ்சள்தூளை அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தோளைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தார். நான் அழுதேன். பள்ளி திறக்க அதிக நாள் இல்லை. திறந்து ஒரு வாரத்துக்குள் பிள்ளை வராவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று ஜன்னலுக்குள் இருந்தவர் சொல்லியிருந்தார்.

அப்பா இரண்டாவது தகட்டை ஆரம்பித்தார். கீழ்வீட்டுக் காகு இந்த முறை படியேறி வரவில்லை. கதவைச் சாத்திக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த நாட்களில் நான் வேறு ஒரு வேலையில் தீவிரமாக இருந்தேன். படித்தவள் என்ற முறையில் தெருவில் எல்லாருக்கும் அவரவர் பெயரின் முதல் எழுத்தை எழுதிக் காட்டிக்கொண்டிருந்தேன். மாமாவுக்குக் காட்டினேன், காகுவுக்குக் காட்டினேன், காகுவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அம்மாவும் கேட்டாள். எனக்கு அப்போது மராத்தி எழுத்துதான் தெரியும், தமிழ் எழுத்து பிற்பாடு நானாகப் படித்துக்கொண்டது. சமையல் மேடையில் தண்ணீரைத் தொட்டு எழுதினேன். ஒரு கொக்கி, கீழே சரிந்து இறங்கும் ஒரு வால், தலைக்கு மேலே ஒரு கோடு. மேல் கோடு நேராக இருக்க வேண்டும், கோணினால் டீச்சர் முட்டியில் அடிப்பார் என்று எச்சரித்தேன். இன்னொரு தடவை எழுதச் சொன்னாள். எழுதிவிட்டு விளையாட ஓடிவிட்டேன்.

தோசைகள் கெட்டுப்போனதும் அந்த வாரத்தில்தான். அதுவரை அம்மாவின் தோசை முழு நிலாவாக இருக்கும். திடீரென்று நெளிந்து, வளைந்து, ஒரு பக்கம் வாலோடு வர ஆரம்பித்தது. சிலது நடுவில் பிய்ந்து தட்டில் இரண்டாக வந்து விழும். கொடியில் தொங்கவிட்ட கைத்தடி மாதிரி இருக்கிறது, அக்காவுக்குக் கல் சரியில்லையா, கண் சரியில்லையா என்று மாமா கேட்டார். இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு யாரும் சிவப்புப் பொட்டு வைக்கமாட்டார்களா என்றும் கேட்டார். அம்மா அவருக்கு மறு தோசை போடவில்லை. அப்பா மட்டும் தன் தோசையைத் தட்டில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "தெனம் ஒரே மாதிரி வருதுன்னா அது தப்பு இல்ல மச்சான், தெரிஞ்சு வச்ச செட்டிங்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்.

இரண்டாவது தகடு வந்தது. மூலைகளெல்லாம் உருண்டு, குழந்தை கையில் கொடுக்கலாம் போல இருந்தது. அம்மா முந்தானையை ஓட்டினாள், மாட்டவில்லை. கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். அப்புறம் ஒரு ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டு, உள்ளே சொரசொரப்பாக இருக்கிறது என்று மஞ்சள் வைத்தாள். அப்பா அதைத் திருத்திக் கொண்டுவந்தார். அரத்தின் தடம் ஒரு பக்கம் தெரிகிறது என்று மறுபடி மஞ்சள். வண்டி நிற்பதற்கும் அரத்தின் தடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மாமா கேட்டார். இன்ஸ்பெக்டரோடு வாதம் செய்யக்கூடாது என்று அப்பா அவரை அடக்கிவிட்டு, எமரித்தாளை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

இதற்குள் பள்ளி திறந்துவிட்டது. சந்துப் பிள்ளைகள் புது ரெயின்கோட்டோடு போவதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். என் புதுச் சீருடை ஆணியில் தொங்கியது. அம்மாவுக்கு நான் படிக்கப் போவது பிடிக்கவில்லை என்பது எனக்கு அப்போது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. அதை நேரே சொல்லப் பயம். அதனால் மாமாவிடம் சொன்னேன். மாமா அம்மாவிடம் சண்டைக்குப் போனார். பொட்டு அப்புறம் இருக்கட்டும், முதலில் பூட்டி, ஓட்டி, அதே சரிவில் நிறுத்திக் காட்டுகிறோம், அதற்கு மேலும் மஞ்சள் டப்பாவைத் திறந்தால் இந்த வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன் என்றார். அம்மா கொஞ்சம் யோசித்துச் சரி என்றாள். பின்னால் தானே உட்காருவேன் என்றாள். சோதனைக்காக மட்டும் பூட்டலாம், அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு என்று அப்பாவும் ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை நான் வகுப்பில் இல்லையென்றால் இடம் போய்விடும். மழை தூறிக்கொண்டிருந்தது, அம்மா வேண்டுமென்றே மழைக்காகக் காத்திருந்தாள். நானும் மாமாவும் சரிவின் அடியில் கொத்தமல்லி வண்டிக்குப் பக்கத்தில் நின்றோம். மேலே அப்பாவின் மோட்டார் சைக்கிள் தெரிந்தது. கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருப்பவளை அடையாளம் கண்டுகொண்டார். தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, தராசை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

அப்பா இறங்கினார். ஈரச் சாலையில் வேகம் ஏறியது. பிரேக்கைப் பிடித்தார். வண்டி யோசிக்கவில்லை. ஆணி அடித்தது மாதிரி நின்றது. அம்மாவின் மூக்கு அப்பாவின் ஹெல்மெட்டில் போய் மோதியது. குங்குமம் ஹெல்மெட்டுக்கு இடம் மாறியது.

மாமா விசிலடித்தார். அம்மா இறங்கி, மூக்கைத் தடவிக்கொண்டு, நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தாள்.

"இன்னொரு வாட்டி."

மறுபடி மேலே போனார்கள், மறுபடி இறங்கினார்கள், மறுபடி நின்றது. இன்னொரு வாட்டி. எத்தனை முறை என்று தெரியவில்லை. அப்பாவின் முகத்தில் சலிப்பு வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அம்மா ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் முன்னால் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள், மூக்குக்காக என்று நினைத்தேன். நடுவில் எப்போதோ கடைக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பழைய இடத்திலேயே நிறுத்தினார். அந்தத் தகட்டை முதலில் பாஸ் செய்தவர் அவர்தான்.

"அக்கா, கொத்தமல்லியே சொல்லிடுச்சு. இப்பயாவது பச்சை வையி" என்று மாமா பாட்டிலை நீட்டினார். வீட்டுக்குப் போய் வைக்கிறேன் என்றாள் அம்மா. கழற்றிக் கையில் கொடுக்க வேண்டும், ஓடுகிற வண்டியில் வைத்தெல்லாம் முடியாது என்றாள். மாமா வானத்தைப் பார்த்தார்.

அதற்கப்புறம் அப்பா செய்ததுதான் மாமாவை உடைத்துவிட்டது. சோதனை முடிந்தது, பாஸ் ஆகாத பாகத்தோடு வண்டியை ரோட்டில் ஓட்டக்கூடாது என்று இன்ஜினை நிறுத்திவிட்டார். கோந்த்வாவிலேயே நன்றாக நிற்கக்கூடிய வண்டியை, மழையில், மேட்டில், வீடு வரைக்கும் இரண்டு பேரும் தள்ளிக்கொண்டே வந்தார்கள். வழியெல்லாம் மாமா ஹிந்தியிலும் மராத்தியிலும் பேசிக்கொண்டு வந்தார். தமிழில் அந்த வார்த்தைகளை அக்கா எதிரில் சொல்ல முடியாது. அம்மா குடையோடு முன்னால் நடந்தாள்.

மாடிப்படிக்குக் கீழேயே வைத்துத் தகட்டைக் கழற்றிக் கொடுத்தார் மாமா. அம்மா அதைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்தாள். பச்சை பாட்டிலையும் ஒரு தீக்குச்சியையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அரிசி டிரம்மை உள்ளே இழுத்துக் கதவுக்கு அண்டை கொடுக்கும் சத்தம் கேட்டது. ஒரு பொட்டு வைக்க இவ்வளவு நேரமா என்று நாங்கள் மூவரும் வெளியே நின்றோம். மாமாவின் கால்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. அம்மா தகட்டை எவர்சில்வர் தட்டில் வைத்து, சாமிக்கு நைவேத்தியம் கொண்டுவருவதுபோலக் கொண்டுவந்தாள். நடுவில் பச்சைப் பொட்டு. பக்கத்தில், பெயிண்ட் இன்னும் ஈரமாக, ஒரு கொக்கி, சரிந்து இறங்கும் ஒரு வால், தலைக்கு மேலே ஒரு கோடு.

மாமாவுக்கு எழுத்து தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அம்மா என்னைத்தான் பார்த்தாள். நான் தட்டின் மேல் குனிந்து, படித்தவளுக்குரிய பொறுப்போடு பார்த்தேன்.

"மேல் கோடு கோணலா இருக்கு."

அம்மாவின் கை தட்டோடு கொஞ்சம் பின்னால் போனது. அப்பா அந்தத் தட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"இன்ஸ்பெக்டர் கையெழுத்த யாரும் இன்ஸ்பெக்ட் பண்ணக் கூடாது" என்றார்.

பெயிண்ட் காயும் வரைக்கும் அவர் அதைக் கீழே வைக்கவில்லை. பக்கத்தில் யாரும் ஊதவும் விடவில்லை.

மறுநாள் காலையில் நான் புதுச் சீருடையோடு அந்தச் சரிவில் இறங்கிப் பள்ளிக்கூடம் போனேன். அந்தத் தகடு இன்னும் அந்த வண்டியில்தான் இருக்கிறது, வண்டியை விற்க அப்பா ஒத்துக்கொள்வதில்லை. பச்சை எழுத்து முதல் மழைக்காலத்திலேயே போய்விட்டது. அம்மா வேண்டுமென்றே எனக்குத் தடை போட்டாள் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் எழுத்து தேவையில்லை என்பதும், சரி என்று சொல்லத்தான் அவளுக்கு அவகாசம் தேவைப்பட்டது என்பதும் எனக்குத் தெரியவில்லை. அந்த நாட்கள் முழுக்க அவள் பெயரின் முதல் எழுத்தை நான் காலையும் மாலையும் சட்னி தொட்டுத் தின்றுகொண்டிருந்தேன். ஓரம் தீய்ந்திருக்கிறது என்று குறையும் சொன்னேன்.